மூளைக்குப் போனால் முடிந்ததா?

எங்கள் எதிர்வீட்டு அம்மையாரை நான் அத்தை என்று அழைப்பது வழக்கம். தஞ்சைப் பக்கத்திலிருந்து தில்லி முனிர்க்காவுக்குக் குடிவந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. புகையிலையைக் கையால் தொட்டறியாதவர். சென்ற ஆண்டு ஆறு மாதம் இடைவிடாமல் இருமினார். காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள், இருமல் நிற்கவில்லை. ஒரு நாள் காலை காப்பித் தம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. வலக்கையைத் தூக்க முடியவில்லை. படம் எடுத்துப் பார்த்தபோது, நுரையீரலில் தோன்றிய புற்றுநோய் மூளையில் மூன்று இடங்களில் பரவியிருப்பது தெரிந்தது.

செய்தி கேட்டு வந்த உறவினர் ஒருவர் மாமாவிடம் மெல்லச் சொன்னார்: “மூளைக்குப் போயிட்டுதாமே! இனிமே செலவு பண்ணி என்ன ஆகப்போகுது? ஊருக்கு அழைச்சுக்கிட்டுப் போயிடுங்க.”

அன்பர்களே, அந்தப் பேச்சு அன்பினால் எழுந்ததுதான். ஆயினும் அது காலங்கடந்த பேச்சு. விஞ்ஞானம் பயிலும் நாமேனும் அதைத் திருப்பிச் சொல்லாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

முன்னாளில் அவ்வாறு சொன்னதற்குக் காரணம் உண்டு. மூளைக்கு இயற்கை ஒரு காவல் அமைத்திருக்கிறது. 1885ஆம் ஆண்டில் பால் ஏர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்தினார். மற்ற உறுப்புகளெல்லாம் நிறம் மாறின. மூளை மட்டும் மாறவில்லை. நஞ்சு நுழையாமல் காக்கும் அந்த மதில், மருந்தையும் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. ஆதலால் மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுப்பதும், வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் கொடுப்பதுமே நெடுங்காலம் பெரும்பாலோர்க்குக் கிடைத்த வழியாக இருந்தன. அக்கதிர்வீச்சினால் பலருக்கு நினைவாற்றல் குன்றியது. பயனேனும் பெரிதா? அறுவைக்கோ குறிவைத்த கதிர்வீச்சுக்கோ ஏற்றவரல்லாத 538 நோயாளரிடம் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நடத்திய ஆய்வு 2016இல் வெளியாயிற்று. முழு மூளைக் கதிர்வீச்சு பெற்றவரும், அது பெறாமல் டெக்ஸாமெத்தசோனும் ஆதரவுச் சிகிச்சையும் மட்டும் பெற்றவரும் ஏறக்குறைய ஒரே காலமே வாழ்ந்தனர்.

இன்றோ வேறு வாயில்கள் திறந்திருக்கின்றன. ஸ்டாக்ஹோம் நகரத்து லார்ஸ் லெக்செல் 1951இல் எண்ணிப் பார்த்து, 1968இல் கருவியாக்கிய ‘காமா கத்தி’யில் கத்தி ஏதுமில்லை. பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் கட்டி இருக்கும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. சுற்றியுள்ள மூளை பெரிதும் பிழைக்கிறது. அந்தக் கருவி நம் தில்லி எய்ம்ஸில் இருக்கிறது.

இரண்டாவது வாயில் மரபணு. இந்நாட்டில் நுரையீரலின் அடினோகார்சினோமா என்னும் வகைப் புற்று கண்டவரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கேனும் இ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் மாறுதல் காணப்படுகிறது; புகை பிடிக்காதவரிடம் இது மிகுதி. அந்த மாறுதல் உடையோர்க்கு ஒசிமெர்டினிப் என்னும் மாத்திரை உண்டு. அது மூளையின் மதிலையும் கடந்து உள்ளே செல்கிறது. ஏ.எல்.கே. என்னும் வேறொரு மரபணு மாறியவர்க்கும் அத்தகைய மாத்திரைகள் இருக்கின்றன.

இந்நோய் மூளைக்குப் பரவிய 2,186 பேரைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வு என்ன கூறுகிறது? முற்காலத்தில் ஏழு மாதமாக இருந்த நடுத்தர ஆயுள் பன்னிரண்டு மாதமாக உயர்ந்திருந்தது. உடல்நிலை நன்றாக இருந்து, மரபணு மாறுதலும் உடைய மிக நல்ல பிரிவினர்க்கோ அது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். நோய் அடியோடு நீங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. நான்கு ஆண்டு என்பது ஒரு மகளின் படிப்பு முடியும் காலம் அல்லவா?

ஆகவே என் கருத்து இதுதான். மரபணுச் சோதனையின் முடிவு அறியாமல், “ஊருக்கு அழைத்துப் போங்கள்” என்று எவரும் சொல்லலாகாது. உயிருக்கு உடனே ஆபத்து இருந்தால் மருத்துவர் காத்திருக்க மாட்டார்; அது வேறு. மற்றபடி, சதைத் துணுக்கிலோ இரத்தத்திலோ செய்யும் அந்தச் சோதனையைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

பணத்திற்கு எங்கே போவது என்பீர்கள். நியாயமான கேள்வி. 2024 ஜூலையில் மத்திய அரசு ஒசிமெர்டினிப்பின் மீதிருந்த சுங்கவரியை முழுவதும் நீக்கியது, அது போதாது. எனினும் ஜெஃபிடினிப் என்னும் பழைய மாத்திரையை நம் நாட்டுக் கம்பெனிகளே செய்கின்றன. மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர் 350 பேரிடம் அதனை ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டனர். மாத்திரை மட்டும் உண்டவர்க்கு நோய் எட்டு மாதம் அடங்கியிருந்தது. கீமோ மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்க்குப் பதினாறு மாதம். பக்கவிளைவுகள் கூடின என்பதும் உண்மை. ஏழை நாட்டுக்கு ஏற்ற ஆராய்ச்சி இத்தகையதே. இதனை நாம் இன்னும் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

அத்தைக்கு அந்த மரபணு மாறுதல் இருந்தது. குறிவைத்த கதிர்வீச்சும் மாத்திரையும் பெற்று, இப்போது பத்து மாதமாகத் தம் கையாலேயே காப்பி கலக்கிறார். கை சற்று நடுங்கத்தான் செய்கிறது. ஒரு நாள் மாத்திரை பயனற்றுப் போகலாம் என்பதும் அவருக்குத் தெரியும். மாமா மறைக்கப் பார்த்தார். அத்தை மருத்துவரிடம் நேரே கேட்டுவிட்டார். இந்தி நன்கு அறிந்தவராதலால் கேட்க முடிந்தது.

ஆனால், ஊரிலிருந்து நேரே வந்து, மருத்துவர் சொல்வது விளங்காமல், எய்ம்ஸ் வாயிலில் கோப்பைக் கையில் பிடித்தபடி நிற்கும் நம்மவர் யாரிடம் கேட்பார்? வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தை முடிக்கும்போது நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து உதவுபவனையும் நான்காவதாக எண்ணினார். அந்த நான்காவது இடம் நமக்குரியது. நம் சங்க உறுப்பினர் முறை வைத்து, வாரம் ஒரு காலை நேரம் அங்கே சென்று மொழிபெயர்த்து உதவினால் என்ன? அடுத்த கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.