சோப்பு டப்பா என்றால் இளக்காரமா?

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் பேத்தியின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மாடித் தொட்டி நிரம்பினால் அலறும் அலாரம் ஒன்றைச் செய்து கொண்டு போனாள். ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், ஒரு பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி. பெட்டி? குளியலறையில் கிடந்த பழைய சோப்பு டப்பா. தண்ணீர் வடிய அதன் அடியில் ஏற்கெனவே ஓட்டைகள் உண்டு. பஸ்ஸர் சத்தம் அது வழியாகவே வெளியே வரும் என்று சொன்னது அவள்தான், நானில்லை. தொட்டிக்குள் இறங்கும் இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க, தீர்ந்துபோன பேனாக்களின் குழாய்கள்.

வந்த நடுவர் கருவியை இயக்கிக்கூடப் பார்க்கவில்லையாம். "என்னம்மா குப்பை மாதிரி இருக்கு, நல்ல பெட்டி வாங்கிப் போடக்கூடாதா?" என்றாராம். மேடைக்குப் பின்னால் 'மறுசுழற்சி செய்வோம்' என்று ஃபிளெக்ஸ் பேனர் வேறு! பரிசு, கடையில் கிட்டாக வாங்கிப் பளபளப்பான பெட்டியோடு வந்ததற்குப் போயிற்று.

ஐயா, பெட்டி வெறும் அலங்காரமா? 1974 இல் நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓ.ஏ.79 டயோடு, இரண்டு டிரான்சிஸ்டர், ஃபெரைட் கம்பி வைத்து ஒரு ரேடியோ கட்டினேன். அழகாக இருக்கட்டுமென்று பிஸ்கட் தகர டப்பாவில் வைத்து மூடினேன். மூடினால் மௌனம், திறந்தால் புதுச்சேரி வானொலி. இரண்டு இரவு மண்டையை உடைத்துக்கொண்ட பிறகே, தகரம் அலையை உள்ளே விடாது என்று உறைத்தது. இன்றைக்கும் வைஃபை கருவியைத் தகரத்துக்குள் அடைத்தால் அதே கதிதான். இதைக் கடைப் பெட்டி கற்றுத் தருமா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 230 வோல்ட் நேராக நுழையும் எதையும் சோப்பு டப்பாவில் வைக்கக் கூடாது. சூட்டில் இளகும், உயிருக்கே ஆபத்து. நடுவர் அதைக் கேட்டிருந்தால் கை கூப்பியிருப்பேன்.

"நூறு ரூபாய் பெட்டிக்கு என்ன சார் கஞ்சத்தனம்?" என்று ஓய்வுபெற்ற நம்மவர்களே கேட்கிறார்கள். நமக்கு நூறு ரூபாய் பெரிதில்லை. அந்தப் பள்ளியில் கரும்பு வெட்டப் போகிறவர்கள், முந்திரி உடைக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அந்தக் 'குப்பை' என்ற வார்த்தையை அவர்களும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். அடுத்த வருஷம் யார் டப்பாவோடு வருவார்கள்?

தலைமையாசிரியருக்கு இதையே கடிதமாகக் கொடுத்திருக்கிறேன். அலாரம் இப்போது எங்கள் சமையலறைச் சுவரில். இன்று காலை ஆறரைக்குக் கத்தியது. போய் மோட்டாரை நிறுத்தினேன்.