மோர்மன்காரர் கிறிஸ்தவரா? நம்ம ஆளுங்களுக்குத்தான் இந்தப் பதிவு

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பேர் அட்டை. ரெண்டு ரெண்டு பேரா கதவைத் தட்டுற மோர்மன் பையன்களைப் பத்தி நம்ம கோயில் வாட்சாப் குரூப்பில் ஒரு வாரமா பேச்சு ஓடுது. ஒரு கட்சி "அது கிறிஸ்தவமே இல்ல, போலி"னு சிரிக்குது. இன்னொரு கட்சி "மனுஷன் கடவுள் ஆகலாம்னு சொல்றாங்களே, நம்ம அத்வைதம்தான்"னு பூரிக்குது. ரெண்டுமே தப்புங்க.

1830-ல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கின சபை அது. அதே வருஷம் வந்த மோர்மன் புத்தகத்தையும் பைபிளோட சேர்த்து வேதமா வச்சிருக்காங்க. பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்னு மத்த சபைகள் சொல்லும். இவங்களோ மூணு பேரும் தனித்தனி, பிதாவுக்குச் சதையும் எலும்பும் உள்ள உடம்பு உண்டுங்கிறாங்க. சின்ன வித்தியாசமா இது? அதனாலதான் 2001-ல் வத்திகன், மோர்மன் ஞானஸ்நானம் செல்லாதுன்னு அறிவிச்சது. அநியாயம்னு சொல்ல முடியாது. கத்தோலிக்கர் அங்க போய்ச் சேர்ந்தாலும் மறுபடி முழுக்கு உண்டு. மத்த சபை எல்லாம் வழி தவறிடுச்சுன்னு சொல்லித்தானே ஸ்மித் தனிக்கடை போட்டார்?

அது அவங்க பங்காளிச் சண்டை. இயேசுவை இரட்சகர்னு கும்பிடுறவன் தன்னைக் கிறிஸ்தவன்னு சொல்லிக்கிறான். அந்தப் பேரைப் பிடுங்க நாம யாரு? தைப்பூசத்தில் அலகு குத்தி வர்றவனைப் பார்த்து "இது வேதத்தில் இல்ல, நீ இந்துவே இல்ல"ன்னு வெளி ஆள் சொன்னா சும்மா இருப்போமா?

அடுத்தது அத்வைதக் கட்சி. இவங்க மேலதான் எனக்குக் கோபம் அதிகம். ஃபேக்டரியில் லேபிள் ஒண்ணா இருக்குன்னு பெட்டியைத் திறக்காம நான் பாஸ் பண்ணினா வேலை போயிடும். அத்வைதத்தில் ஆன்மாவும் பிரம்மமும் ரெண்டில்லை, உடம்பும் பேரும் அங்க நிக்காது. மோர்மன் சொல்றது வேற. மனுஷன் உடம்போட, பெண்டாட்டி பிள்ளையோட, என்றைக்கும் வளர்ந்து கடவுள் நிலைக்குப் போறான். பிதா பிதாவாவே இருப்பார், இவன் இவனாவே இருப்பான். நம்ம சைவ சித்தாந்தத்திலும் இப்படி இல்லை. இது தெரியணும்னா ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புக்கு வரணும், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வந்தா எப்படி?

உண்மையில் நாம கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, அதை யாரும் கேட்கலை. செத்தவங்களுக்கும் அங்க ஞானஸ்நானம் உண்டு. உயிரோட இருக்கிற ஒருத்தர் அவங்க பேரில் தண்ணியில் முழுகுவார். யூதப் படுகொலையில் செத்தவங்க பேருக்கும் செஞ்சாங்கன்னு யூத அமைப்புகள் கொதிச்சு, 1995-ல் நிறுத்துறதா சபை ஒப்புக்கிச்சு. மகாத்மா காந்தி பேருக்கே செஞ்சதா 2012-ல் செய்தி வந்தது. "ஏத்துக்கிறதும் மறுக்கிறதும் அந்த ஆன்மாவோட இஷ்டம், சொந்த முன்னோர் பேரை மட்டும்தான் கொடுக்கணும்"னு சபை சொல்லுது. சரி. ஆனா ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் விடுற நமக்கு, பாட்டன் பேரை இன்னொருத்தர் தொட்டா வலிக்கும்தானே?

கப்பலேறி தோட்டத்துக்கு வந்த பாட்டன் பேரை நெட்டில் தேடுற பிள்ளைகளே, இலவசமா இருக்கிற ஃபேமிலிசர்ச் அந்தச் சபை நடத்துறது. தேடுங்க, நல்ல தளம்தான். வீட்டுப் பெரியவங்க பேரை ஏத்துறதுக்கு முன்னாடி அப்பா அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கதவைத் தட்டுற பையன்கள்கிட்டயும் இதையே கேளுங்க, மரியாதையா பதில் சொல்வாங்க.