காந்தம் இழுத்தால் டைட்டேனியம் வந்துவிடுமா?

கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையான கரையில் கிடக்கும் கறுப்பு மணல் எல்லாம் டைட்டேனியமாம். அதன் விலை உலகச் சந்தையில் தொன்னுக்குப் பத்தாயிரம் டொலராம். இதெல்லாம் தெரியாமல் நாம் பிள்ளைகளைக் கட்டாருக்கும் சவூதிக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறோமாம். கரையோரக் கனிமத் தொழிலுக்காக வரிந்துகட்டி எழுதியிருக்கும் நண்பரின் வாதம் இவ்வளவுதான். போகிற போக்கில், திருக்கோவிலில் இல்மனைட் அகழ்வை எதிர்த்து வீதிக்கு இறங்கிய மக்களை விஞ்ஞானம் தெரியாதவர்கள் என்றும் ஏசிவிட்டார். விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைத்தவர் அவர்தான். எனவே அந்தச் சாட்சியையே விசாரிப்போம்.

கரையில் கிடப்பது உலோகமல்ல, தாது. இல்மனைட் என்பது இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனோடு இறுகப் பிணைந்த கனிமம். சுத்தமான இல்மனைட் நூறு கிலோவில் இரும்பு ஏறத்தாழ 37 கிலோ, டைட்டேனியம் 32 கிலோவுக்கும் குறைவு, மிச்சம் ஒட்சிசன். ஆக, நண்பர் டைட்டேனியம் என்று கூவி விற்கிற சரக்கில் இரும்புதான் கூட. அந்தச் சரக்கு தொன்னுக்குச் சில நூறு டொலர்தான் பெறும். பத்தாயிரம் டொலர் என்பது எல்லா வேலையும் முடிந்து வெளியே வருகிற உலோகத்தின் விலை. களத்துமேட்டில் கிடக்கும் நெல்லுக்கு சஹன் சோற்றின் விலை கேட்டால் நம்மூர் மில்காரர் என்ன பதில் சொல்வாரோ, நண்பரின் கணக்குக்கும் அதுதான் பதில்.

“காந்தத்தால் பிரிப்பதுதானே, இரசாயனம் எங்கே வந்தது?” என்று அடுத்ததாகக் கேட்கிறார். பிரிப்பதைப் பொறுத்தவரை அது சரிதான். மணலை நீரோடு சேர்த்துச் சுருள் தொட்டிகளில் ஓடவிட்டால் பாரமான மணிகள் ஒதுங்கும். காந்தம் இல்மனைட்டை இழுக்கும். பிறகு எஞ்சியதை உயர் மின்னழுத்த உருளையில் போட்டால், மின் கடத்தும் ரூட்டைல் ஒரு பக்கமும் கடத்தாத சிர்கோன் மறுபக்கமும் விழும். புல்மோட்டைக் கனிம மணல் ஆலையில் நடப்பது இதுதான். ஆனால் இது தாதுவைத் துப்புரவாக்கும் வேலை. உலோகம் எடுக்கும் வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1791இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் கறுப்பு மணலைக் காந்தத்தால் பிரித்து, அதற்குள் புதியதொரு உலோகம் ஒளிந்திருப்பதைக் கண்டார். அந்த உலோகத்தை முதன்முதலில் சுத்தமாக எடுத்தவர் மெத்தியு ஹன்டர், 1910இல், அமெரிக்காவில். காந்தத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே 119 வருஷம். நண்பர் அதை ஒரே பந்தியில் தாண்டிவிட்டார்.

சமனலவெவவையும் இழுத்து வருகிறார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் நாட்டார் மலைச்சரிவில் காற்றை நம்பி இரும்பு உருக்கினார்கள், நம்மால் முடியாதா என்று கேட்கிறார். பலாங்கொடைப் பக்கத்து அந்த உலைகள் உண்மையிலேயே பெருமைக்குரியவை. தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தியாக நின்று தரமான உருக்கைத் தந்தது என்பதை கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் பரிசோதித்துக் காட்டி, 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். ஆனால் இரும்புத் தாதுவில் உள்ள ஒட்சிசனைக் கரி பிடுங்கிக்கொண்டு போகும், இரும்பு மிஞ்சும். டைட்டேனியம் அப்படி விட்டுக்கொடுக்காது. ஒட்சிசனைக் கரி பிடுங்கினால், அது கரியையே பிடித்துக்கொண்டு கார்பைட் ஆகிவிடும். சூடேறிய டைட்டேனியத்தில் காற்றுப் பட்டாலோ ஒட்சிசனையும் நைதரசனையும் உள்ளே இழுத்து நொறுங்கிப் போகும். சமனலவெவவில் காற்றுத்தான் உலைக்கு உயிர். இங்கே காற்றுத்தான் எதிரி. உதாரணம் தேடிப் போனவர் தன் வாதத்துக்கே எதிரான உதாரணத்தைத் தூக்கி வந்திருக்கிறார்.

அப்படியானால் இந்த உலோகத்தை எப்படித்தான் எடுக்கிறார்கள்? முதலில் இல்மனைட்டில் உள்ள இரும்பைக் கழிக்க வேண்டும். மின் உலையில் உருக்கிப் பிரிப்பது அதற்கு ஒரு வழி. மிஞ்சியதைக் கோக் கரியோடு சேர்த்து ஆயிரம் பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் குளோரின் வாயுவைச் செலுத்தினால் டைட்டேனியம் டெட்ராகுளோரைட் கிடைக்கும். ஈரக்காற்றுப் பட்டவுடன் அமிலப் புகையாகக் கிளம்பும் திரவம் அது. யுத்தத்தில் புகைத்திரை எழுப்பப் பயன்பட்டதும் அதே திரவம்தான். அதை வடித்துச் சுத்தமாக்கி, காற்றுப் புகாத உருக்குக் கலத்தில் ஆர்கன் வாயுவின் நடுவே உருகிய மக்னீசியத்தோடு சேர்க்க வேண்டும். வில்லியம் குரோல் கண்டுபிடித்து 1940இல் காப்புரிமை பெற்ற முறை இது. கடைசியில் கிடைப்பது கடற்பஞ்சு போன்ற உலோகம். அதை வெற்றிடத்தில் மறுபடி உருக்கினால்தான் கட்டியாகும். ஒவ்வொரு படியும் மின்சாரத்தைக் குடிக்கும். 2022இல் ஒரே நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு அனுபவித்த நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறவருக்கு மின்சாரம் என்ற சொல் ஒரு தடவையாவது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அவரது வாதம் உடைகிற இடமும் இதுதான். இரசாயனம் இல்லாத தொழில் வேண்டுமென்றால் கிடைப்பது சில நூறு டொலர். பத்தாயிரம் டொலர் வேண்டுமென்றால் குளோரினும் மின் உலையும் வேண்டும். ஒன்றின் சுத்தத்தையும் மற்றதன் விலையையும் சேர்த்து ஒரே தட்டில் வைத்து ஊருக்குப் பரிமாறுகிறார்.

வெளியே என்ன நடந்தது என்றும் பார்ப்போம். தென்னிந்தியாவின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கனிம மணலை ஜெர்மன் இரசாயனவியலாளர் ஷோம்பெர்க் கண்டது 1909இல். அந்தக் கரையோரத்தில், கேரளத்துச் சவறையில், டைட்டேனியம் உலோக ஆலை திறந்தது 2011இல். அதற்கு ஹைதராபாத் பாதுகாப்பு ஆய்வுகூடத்தின் தொழில்நுட்பமும் விண்வெளித் துறையின் பணமும் வேண்டியிருந்தன. ஆலையின் கொள்ளளவு வருஷத்துக்கு வெறும் 500 தொன். தாது ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கும் அவுஸ்திரேலியாவில் இந்த உலோகம் எடுக்கும் ஆலையே கிடையாது. அமெரிக்காவில், நெவாடாவின் ஹெண்டர்சனில் இருந்த பெரிய ஆலை 2020இல் மூடப்பட்டது. நம் புல்மோட்டைக்கு 1957 முதல் அரச நிறுவனம் உண்டு. உலகின் செறிவான கனிமக் கரைகளில் ஒன்று அது. இன்றும் அங்கிருந்து கப்பலேறுவது மணல்தான். அரசால் அங்கே ஆகாதது, மணல் அள்ள வருகிற கொம்பனியால் இங்கே எப்படி ஆகும் என்பதற்கு நண்பரின் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.

உலோகம் வேண்டாம், வெள்ளை நிறப்பொடி செய்யலாமே என்று அவர் அடுத்த தடவை எழுதக்கூடும். உலகில் அகழப்படும் டைட்டேனியத் தாதுவில் பெரும்பகுதி பெயின்ற்றுக்கும் பிளாஸ்திக்குக்கும் போகும் அந்தப் பொடியாகத்தான் முடிகிறது. ஆனால் இல்மனைட்டைச் சல்பூரிக் அமிலத்தில் கரைத்து எடுக்கும் பழைய முறையில், ஒரு தொன் பொடிக்கு அதைவிடப் பாரமான இரும்புக் கழிவும் அமிலக் கழிவுநீரும் வெளியேறும். திருவனந்தபுரத்தில் அந்தக் கழிவு வேளிக் கடலுக்குத்தான் போனது. இங்கே எந்தக் கடலுக்குப் போகும் என்பதைச் சாய்ந்தமருதுக் கரைவலைக்காரர்களிடம் நண்பர் நேரில் போய்ச் சொல்லட்டும்.

கரையைப் பற்றியும் அவருக்குக் கவலையில்லை. மணலை அலை திரும்பக் கொண்டுவந்து போடும் என்கிறார். 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தை அவர் பார்க்கவில்லையா? கடலோடு வடக்கே நகரும் மணலை அலைதடுப்புச் சுவர் மறித்தது. துறைமுக வாய் மணலால் அடைபட்டது. வடக்கே கரை அரிபட்டு, நிந்தவூர்ப் பக்கம் வரை தென்னைகள் சாய்ந்தன. கல்லைக் குவித்தும் கடல் அடங்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில், இந்தக் கரை உள்ள மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. அந்தக் கரையில் மணல்மேட்டைத் தோண்டி எடுத்துவிட்டு அலையின் நல்ல மனசை நம்பு என்று சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு 2013இல் தாதுமணல் அகழ்வைத் தடை செய்தது ஏன் என்பதையும் அவர் விட்டுவிட்டார். அங்கே அனுமதிப் பத்திரத்தில் இருந்த அளவு வேறு, அள்ளியதாக எழுந்த புகார் வேறு. கதிரியக்கத் தோரியம் கொண்ட மொனசைட்டும் அதே மணலில்தான் இருக்கிறது. தாளில் எழுதிய நிபந்தனை கரையைக் காப்பாற்றாது என்பதற்கு அடுத்த கரையே சாட்சி.

பிள்ளைகளுக்கு ஊரில் தொழில் வேண்டும் என்பதில் எனக்கு அவரோடு பிணக்கில்லை. ஆனால் மணல் அள்ளும் தொழிலை இயந்திரம் செய்யும். மிஞ்சுவது சில சாரதி வேலையும் காவல் வேலையும். இரசாயனப் பொறியியல் படித்த பிள்ளைக்கு அங்கே கதிரை கிடையாது. கரைவலை இழுப்பவர்களும் மீன் கருவாடாக்கும் பெண்களும் மட்டும் கரையை இழப்பார்கள்.

நண்பர் இனி எழுதுவதானால் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதட்டும். கப்பலேறப்போவது தாதுவா, பொடியா, உலோகமா? கழிவு எங்கே போகும்? அள்ளிய மணலுக்குப் பதில் கரைக்கு என்ன வரும், அதற்கு யார் பொறுப்பு? சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை மக்கள் படிக்கும் தமிழில் வெளியிட்டு, இந்த மூன்றுக்கும் கையெழுத்திட்ட பதில் தராத எவருக்கும் இந்தக் கரையில் ஒரு வாளி மணல் அள்ளவும் இடம் கொடுக்கக் கூடாது. திருக்கோவில் மக்கள் வீதிக்கு இறங்கியதும் இந்தக் கரைக்காகத்தான். விஞ்ஞானம் தெரிந்தவர்கள் அவர்களே.