புனைந்த நாட்டின் குடிமக்கள்

இளைஞர் சிலர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து பலமுகக் கட்டைகளை உருட்டுகின்றனர். ஒருவன் வீரனாகவும், ஒருவன் மந்திரவாதியாகவும், ஒருவன் கள்வனாகவும் வேடமேற்றுக் கதையை வாயினாலேயே வளர்த்துச் செல்கின்றனர். இத்தகைய விளையாட்டு மேனாடுகளிற் பரவி அரை நூற்றாண்டாயிற்று. 1974 ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' அதற்கு முதல் நூல். நம் பழைய மாணவரொருவர் வெளிநாட்டினின்றும் விடுமுறைக்கு வந்தபோது, இவ்வகை நூல்கள் சிலவற்றைத் தம்பிமார்க்கென்று விட்டுச் சென்றார். யாம் அவற்றை முதலில் ஏளனமாகவே நோக்கினோம். பரீட்சை நெருங்குங் காலத்திற் கட்டை உருட்டும் பிள்ளைகளைக் கண்டால் எந்த ஆசிரியருக்குத்தான் தருமபுத்திரர் நினைவு வாராது?

ஆயினும் நூலைப் புரட்டியபோது எம் ஏளனம் குறைந்தது. அதிற் கதையே இல்லை. ஒரு நாடு இருக்கின்றது. அதன் மலையும் ஆறும், பருவமும் பொழுதும், தெய்வமும் உணவும், விலங்கும் புள்ளும், தொழிலும் பறையும் வகைப்படுத்திக் கூறப்பட்டுள்ளன. தொல்காப்பியம் பயின்ற எவரும் இதனை உடனே அறிந்துகொள்வர். முதற்பொருளையும் கருப்பொருளையும் நூலாசிரியன் தந்துவிட்டு, உரிப்பொருளை ஆடுவோர் கையில் விட்டுவிடுகிறான். கூத்துக்கு அண்ணாவியார் போல ஆட்டத்தை நடத்துவோன் ஒருவன் உளன். அவன் கைக்கொண்டிருக்கும் நாட்டு நூலே இது.

இத்தகைய புதிய நாட்டு நூலொன்று வெளிவரும்போதெல்லாம் அன்பரிடையே எழும் ஆரவாரம் வியப்புக்குரியது. 1983 இல் ஹிக்மன் தம்பதியர் இயற்றிய 'ரேவன்லொவ்ற்' என்னும் அச்ச நாடு பின்னர் பல நூல்களாற் பெருகி, எல்லைகள் பொருந்திய ஒரு கண்டமாக வளர்ந்தது. 2021 இல் வெளிவந்த புதிய நூலோ அக்கண்டத்தைக் கலைத்து, ஒவ்வொரு நாட்டையும் மூடுபனியில் மிதக்குந் தனித்தீவாக்கிற்று. மோர்டன்ஹைம் என்னும் மருத்துவர் ஆணாயிருந்தவர் பெண்ணாயினார். பழைய அன்பர் பலர் சினந்தனர். எந்நாட்டுக்கும் எந்நாட்டுக்கும் எல்லை, எவ்வழி எங்கே செல்லும் என்பதையெல்லாம் நெட்டுருவாக வைத்திருந்தோர் அவர். புதியவரோ அச்சத்துக்குத் தனிமையே ஏற்றதென மகிழ்ந்தனர்.

அந்நூலிலே இந்தியச் சாயல் கொண்ட நாடொன்றும் உண்டு. 1993 இல் 'ஸ்ரீ ராஜி' என்னும் பெயரால் இராக்கத அரசன் ஒருவன் கீழ் அமைந்திருந்த நாடு, இப்பொழுது 'கலகேரி' என மாறி, ரம்யா என்னும் அரசியும் அவள் உடன்பிறந்தாரும் அரியணைக்குப் பொரும் நாடாயிற்று. இதனை எழுதியவர் இந்திய வழிவந்த அஜித் ஜோர்ஜ். மறு ஆண்டில் அவர் முன்னின்று தொகுத்த 'ரேடியன்ற் சிற்றடெல்' நூலில் பதின்மூன்று கதைக்களங்கள் உள்ளன. வெள்ளையரல்லாத எழுத்தாளரே அவை அனைத்தையும் எழுதினர். கொல்கத்தாவிற் பிறந்த மிமி மொண்டால் வங்கத்தை நினைவூட்டும் ஆற்று நாடொன்றை அதிற் படைத்தார். தம் பாட்டியின் ஊரைப் பிறரது கேலிச்சித்திரமாகவன்றித் தம்மவர் எழுத்தாகக் காண்பதில் மகிழ்ந்தோர் பலர். விளையாட்டில் அரசியல் எதற்கு என்று முகஞ்சுளித்தோரும் இருந்தனர்.

அதே 2022 இல் வேறொன்றும் நிகழ்ந்தது. விண்வெளிக் கப்பல்களைக் களமாகக் கொண்ட 'ஸ்பெல்ஜாமர்' நூலில் 'ஹடோசி' என்னுங் குரங்குருவினர்க்கு ஒரு பிறப்புக்கதை எழுதப்பட்டிருந்தது. மந்திரவாதியொருவன் அவர்களைப் பிடித்து அறிவூட்டி விற்க எண்ணினான், அவர்களைப் பிறர் விடுவித்தனர் என்பது அது. கறுப்பின மக்களை அடிமைகொண்டோர் அவர்மேற் சுமத்திய பழிகளின் எதிரொலி இதுவென வாசகர் கண்டித்தனர். வெளியீட்டாளர் அவ்வாண்டு செப்டெம்பரிலேயே மன்னிப்புக் கேட்டு அப்பகுதியை நீக்கினர்.

இவ்விருவகைச் சினமும் ஒன்றல்ல என்பதே எம் கருத்து. கண்டம் கலைந்ததென்று வருந்துவோன் தன் நினைவுக்காக வருந்துகிறான். அவ்வருத்தம் பொய்யன்று. ஆனால் அவன் பழைய நூல் அவன் பெட்டியிலேயே இருக்கின்றது. வான்மீகியிற் காணாத எத்தனையோ பொருள்களைக் கம்பர் பாடினார். வான்மீகி அழிந்தாரில்லை. 1964 இல் சு. வித்தியானந்தன் அவர்கள் 'இராவணேசன்' அரங்கேற்றியபோதும், விடியுமளவும் வட்டக்களரியில் ஆடிய கூத்தைச் சட்டமிட்ட மேடைக்குள் சுருக்கிவிட்டார் என்ற குறை எழுந்தது. அக்குறையில் உண்மை உண்டெனினும், அந்நாடகம் இல்லாதிருப்பின் நகரத்தார் பலர் கூத்தின் பெயரையும் அறிந்திரார். மற்றைச் சினமோ தன் முகம் பிறர் நூலிற் கோணலாய் வரையப்படக் கண்டவன் சினம். அவனுக்கு ஒதுங்கிப் போக வேறு பெட்டி இல்லை. நூலாசிரியர் முதலில் செவிசாய்க்க வேண்டியது இவனுக்கே.

நாட்டு நூல் எழுதுவது கற்பிட்டியார்க்குப் புதிய தொழிலன்று. 1807 இல் இவ்வூரிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834 இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் நூல் செய்தார். 1859 இல் அவர் வெளியிட்ட 'தமிழ் புளூராக்' ஏறக்குறைய இருநூறு புலவர்களைத் தொகுத்தது. அதிற் குறை கண்டோர் இலரா? இருந்தனர். ஆயின் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை அதனைத் துணையாகக் கொண்டு, கூட்டியுந் திருத்தியும், 1886 இல் 'பாவலர் சரித்திர தீபக'த்தைத் தமிழில் தந்தார். புலவர் தொகை நானூற்றைக் கடந்தது. குறைகூறல் என்றால் இஃதன்றோ குறைகூறல்! ஏச்சு எழுதுவதற்கு ஓர் இரவு போதும். தீபகம் எழுத எத்துணை இரவுகள் வேண்டியிருந்திருக்கும்?

இதனை மாணவர்க்கு ஒருநாட் சொன்னோம். சொல்லியதன் பயனை யாம் எதிர்பார்த்திலேம். இரு வாரத்தில் அவருள் ஒருவன் கொப்பியொன்றைக் கொண்டுவந்தான். ஒல்லாந்தர் கோட்டை, களப்பு, பத்தலங்குண்டு, உச்சமுனை, கரைத்தீவு எல்லாம் பெயர் சிறிது மாறி அதில் இருந்தன. ஓங்கிலின்மேல் ஊரும் ஒரு குலம், உப்பிற் கண்ணாடி வார்க்கும் ஒரு குலம், உடப்புத் திரௌபதை அம்மன் கோயிற் றீமிதியை ஒத்த ஒரு சடங்கு ஆகியனவும் இருந்தன. எமக்குப் பெருமை பொங்கிற்று. எழுத்துப்பிழைகளைக்கூட அன்று யாம் திருத்தவில்லை.

அதன் முதல் வாசகரோ மேசையைச் சூழ்ந்த நால்வர். ஒருவன் ஓங்கிலைப் புகழ்ந்தான். ஒருவன் தலவிலைத் திருவிழாவுக்கு வருஞ் சனத்திரள் எங்கே என்றான். அவர்களோடு ஆட வரும் அயற்பாடசாலை முஸ்லிம் மாணவன் நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர் மெல்லக் கேட்டான்: "எங்கட ஆக்கள் இதில எந்தக் குலம்? தொண்ணூறில வாப்பாமார் வந்து இறங்கின கரை படத்தில இல்லையே." 1990 இல் வடக்கினின்றும் வெளியேற்றப்பட்டு இக்கரையில் வந்தொதுங்கிய குடும்பத்துப் பிள்ளை அவன்.

எழுதியவன் முகம் வாடிற்று. வேண்டுமென்று விட்டானில்லை. தன் வீட்டு முற்றத்தில் நின்று நோக்கினான், நோக்கினவரை எழுதினான். உண்மையைச் சொல்லின், கொப்பியைப் பாராட்டிய எமக்கும் அக்கரை தோன்றவில்லை. இருபதாண்டு வகுப்பறையில் நிற்கும் எமக்கே தோன்றாதது பதினாறு வயதினனுக்கு எவ்வாறு தோன்றும்? மறுநாள் இருவரும் நூல்நிலைய மூலையிலிருந்து படத்தை மறுபடி வரைந்தனர். கரையை எங்கே வைப்பது, அதற்கு என்ன பெயர் என்பதில் உரத்த பூசலும் நடந்தது. யாம் இடைபுகவில்லை.

படம் இன்னும் முடியவில்லை. களப்பின் ஓடைகளுக்கும் மணற்றிட்டுகளுக்கும் முன்னாளில் வழங்கிய பெயர்களை மாணவர் ஒருவரும் அறியார். அறிந்த பழைய மாணவர்கள் கல்லூரி முகவரிக்கு எழுதியனுப்புவாராக. கொப்பியின் வலப்பக்கங்கள் அதற்கென்றே வெறுமையாக விடப்பட்டுள்ளன.