கோடை வாரத்து மேடை யாருக்கு?



சித்திரை வெயில் தகரக் கூரையைக் காய்ச்சத் தொடங்கியதும் மும்பைத் தமிழ் அமைப்புகளின் ரசீதுப் புத்தகங்களும் வெளியே வந்துவிடுகின்றன. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் பாண்டுப்பிலும் கல்வாவிலும் கலைவிழாப் பேச்சு எழுகிறது. இட்லிக் கூடை சுமப்பவரும், தோல் பட்டறையில் முதுகு ஒடிபவரும், பழைய பிளாஸ்டிக் பொறுக்கிப் பிரிக்கும் பெண்களும் தங்கள் கூலியிலிருந்து பணம் தருகிறார்கள். மனமுவந்து தருகிறார்கள். ஆனால் அந்தப் பணத்தில் எழும் மேடையில் அவர்களுக்கு என்ன இடம்? இந்தக் கேள்வியைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பாரதிதாசன் பிறந்த ஏப்ரல் 29 தொடங்கி மே 5 வரை ஏழு நாட்களைத் தமிழ் வாரமாகக் கொண்டாடுவதென்று தமிழ்நாட்டு அரசு 2025-இல் அறிவித்தது. அந்த ஏழு நாட்களுக்கு நடுவே மே முதல் நாள் வருகிறது. 1923-இல் சென்னையில் சிங்காரவேலர் இந்திய மண்ணில் முதன்முறையாகத் தொழிலாளர் தினம் கொண்டாடிய நாள் அது. 1960-இல் மராட்டிய மாநிலம் பிறந்த நாளும் அதுவே. வாரத்தின் கடைசி நாளான மே 5, காரல் மார்க்சின் பிறந்த நாள். புரட்சிக்கவிஞரில் தொடங்கி மார்க்சில் முடிகிற ஒரு வாரம்! நாடு விட்டு நாடு போகாமலே ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான வாரம் உண்டா?

அந்த வாரத்தில் நாம் செய்வதென்ன? புரட்சிக்கவிஞர் படத்துக்கு மாலை போடுகிறோம். பிறகு வெளியூரிலிருந்து வரவழைத்த மெல்லிசைக் குழு வந்து நேற்று வெளியான படப்பாட்டைப் பாடுகிறது. 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்று நாடகம் எழுதியவர் பாரதிதாசன். அந்த நாடகத்தை 1948-இல் அரசு தடை செய்தது. அரசு அஞ்சிய கலைஞன் அவர். அவர் பெயரால் நாம் நடத்தும் கலைநிகழ்ச்சியைக் கண்டு ஒரு வார்டு கவுன்சிலர்கூட அஞ்சமாட்டார். அஞ்சுவதென்ன, முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்.

பொன்னாடை தின்ற நேரம்

நேரக் கணக்கைப் பார்ப்போம். அழைப்பிதழில் மாலை 6 மணி என்று அச்சடிக்கிறோம். சிறப்பு விருந்தினர் வந்து சேர ஏழரை. அவருக்குப் பொன்னாடை, அவரை அழைத்து வந்தவருக்குப் பொன்னாடை, பந்தலுக்குப் பணம் தந்த காண்டிராக்டருக்குப் பொன்னாடை. வாழ்த்துரை, முன்னிலை உரை, சிறப்புரை. மணி ஒன்பது. அதன்பின் மெல்லிசைக் குழு. பத்து மணிக்குப் போலீஸ் வந்து ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கிறது. உடனே மேடையில் ஒருவர் எழுந்து, "தமிழன் நிகழ்ச்சி என்பதால் நிறுத்துகிறார்கள்" என்று முழங்குகிறார்.

உண்மை என்ன? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது; மேளதாளத்துக்கும் அதே விதிதான். இது எல்லாருக்கும் பொது. கலாசார, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். உச்ச நீதிமன்றமும் 2005-இல் இதை ஏற்றது. அந்த நாட்களைக் குறிக்கும்போது நம் நாள் ஒன்றையும் சேர்க்கச் சொல்லி எத்தனை சங்கங்கள் மனுக் கொடுத்தன? மனுக் கொடுக்க ஆளில்லை. பொன்னாடை போட மட்டும் பத்துப் பேர் நிற்கிறோம். போலீஸ் தின்ற நேரத்தைவிடப் பொன்னாடை தின்ற நேரமே அதிகம்.

இதில் ஏமாந்தவர் யார்? லோக்கல் ரயிலில் நெருக்குண்டு ஒன்பது மணிக்கு வந்து இறங்கும் தொழிலாளி. அவருக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் தெருவுக்கு வர முடியும் என்றிருக்கும் அவர் மனைவி. நிதி தந்த இந்த இருவரும் பார்ப்பது மூன்று பாட்டு. பாட்டுக்கு நடனம் ஆடப் பத்து நாள் பயிற்சி எடுத்த பிள்ளைகளோ, "நேரமில்லை" என்ற ஒரு சொல்லில் ஒப்பனையோடு வீடு திரும்புகிறார்கள்.

மூன்று சாக்குகள்

முதல் சாக்கு: "சினிமாப் பாட்டுக்குத்தான் கூட்டம் வரும்."

சினிமாப் பாட்டு கூடாதென்று எவரும் சொல்லவில்லை. களைத்து வந்தவன் பிடித்த பாட்டைக் கேட்பதில் என்ன குற்றம்? ஆனால் அது செல்பேசியிலே கிடைக்கிறது, டீக்கடையிலே கிடைக்கிறது. அதையே மேடையில் கேட்க, தெருவெல்லாம் நிதி திரட்ட வேண்டுமா? பக்கத்து வீட்டுப் பெண் பாடினால், எதிர்வீட்டுப் பையன் ஆடினால், அந்த வீட்டார் வருவார்கள், அந்தத் தெருவே வரும். வெளியூர்ப் பாடகருக்கு வரும் கூட்டம் பாட்டு முடிந்ததும் கலைகிறது. நம் பிள்ளைக்கு வரும் கூட்டம் மறுநாள் தண்ணீர்க் குழாயடியிலும் அதைப் பற்றிப் பேசுகிறது.

இரண்டாவது சாக்கு: "இங்கே கலைஞர்கள் எங்கே இருக்கிறார்கள்?"

கண்ணிருந்தால் தெரியும். தாராவித் தமிழரில் பெரும்பகுதி நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டே தோல் பதனிடும் வேலைக்கு வந்த பரம்பரை. கொடைக்கு ஊருக்குப் போய் வரும் குடும்பங்கள் எத்தனை! வில்லுப்பாட்டில் வீசுகோல் மணியோடு விழும் ஓசையும், குடத்திலும் உடுக்கையிலும் எழும் தாளமும் அவர்கள் காதில் இருக்கின்றன. சுடலைமாடன் கோயிலில் மகுடம் அதிரக் கணியான் கூத்து ஆடுவதைக் கண்ட கண்கள் இங்கே ஆயிரம் உண்டு. வில்லுப்பாட்டு கோயிலோடு கட்டிப்போட்ட கலையும் அல்ல. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதைச் சமூகச் சேதி சொல்லும் கருவியாக்கினார். நெல்லைச் சீமையின் சுப்பு ஆறுமுகம் வாழ்நாளெல்லாம் அதையே செய்து 2022-இல் மறைந்தார். வாடகை உயர்வையும், ரேஷன் கார்டு அலைச்சலையும், காண்டிராக்டர் பிடித்துக்கொண்ட கூலியையும் வில்லில் பாட முடியாதா? ஆமாம் போட்டுக்கொண்டே கேள்வி கேட்கும் ஒரு பின்பாட்டுக்காரன் போதுமே, கூட்டம் குலுங்கிச் சிரித்துக்கொண்டே சிந்திக்க!

பழசுதான் வேண்டுமென்பதும் இல்லை. 2018-இல் வந்த 'காலா' படத்துக்குத் தாராவியின் 'டோப்அடெலிக்ஸ்' ராப் குழு இளைஞர்கள் எழுதிப் பாடினார்கள். சினிமாக்காரன் நம் சந்துக்குள் தேடி வந்து நம் பிள்ளைகளின் குரலை எடுத்துக்கொண்டு போனான். நாமோ, "இவனுங்க என்னத்தைக் கத்துறானுங்க" என்று அவர்களை விரட்டிவிட்டு, அந்தப் படத்தின் பாட்டை வெளியூர்க் குழுவைக் கொண்டு பாட வைக்கிறோம். இதைவிடக் கேலிக்கூத்து வேறென்ன?

மூன்றாவது சாக்கைச் சிலர் காதோடு காதாகச் சொல்கிறார்கள்: "பறையை மேடையேற்றினால் மரியாதை போய்விடும்."

யாருடைய மரியாதை? ஊர்வலத்தில் முன்னே வெயிலில் அடித்துக்கொண்டு வருவதற்குப் பறை வேண்டும். விருந்தினர் காரிலிருந்து இறங்கும்போது அடிக்கப் பறை வேண்டும். மேடையில் விளக்குப் போட்டதும் பறைக்காரர் பந்தலுக்கு வெளியே நிற்க வேண்டும். தேநீர் கடைசியில், சாப்பாடு கடைசியில், கூலி மறுவாரம். ஊரில் இருந்த தீட்டை மூட்டையில் கட்டி ரயிலேற்றி மும்பைக்குக் கொண்டு வந்தவர்கள் செய்கிற வேலை இது. இவர்கள்தான் மேடையில், "யாதும் ஊர்" என்று முழங்குகிறார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஊரில் சாவுக்கும் சடங்குக்கும் பறையடிப்பது கட்டாய ஊழியமாக இருந்தது. "இனி அடிக்கமாட்டோம்" என்று பறையைக் கீழே வைத்தவர்கள் உதைபட்டார்கள், ஊர்விலக்குப் பட்டார்கள். அந்த மறுப்பு ஒரு போராட்டம். அதை மதிக்காதவனுக்குப் பறையைப் பற்றிப் பேசத் தகுதியில்லை. இன்று அதே பறையை, அடிமை முத்திரையைத் துடைத்துவிட்டு, தன் விருப்பத்தோடும் உரிய கூலியோடும் மேடை நடுவில் நின்று அடிப்பதும் போராட்டமே. தோலைத் தீயில் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் மாறி மாறி விழ எழும் அடவுகளைக் கற்க வருடங்கள் ஆகும். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தில்லி கொடுத்த மரியாதையை நம் தெருச் சங்கம் கொடுக்காதா?

பக்கத்து வீட்டைப் பாருங்கள்

நாம் வாழும் மண்ணில் பாடம் கிடக்கிறது. அண்ணாபாவ் சாட்டே மாதங்க் சாதியில் பிறந்தவர், பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு நடந்தே மும்பை வந்தவர், ஆலைத் தொழிலாளி, காட்கோபர் சிராக் நகர்க் குடிசையில் வாழ்ந்தவர். பள்ளிப் படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அவரும் அமர் ஷேக்கும் கவாண்கரும் சேர்ந்து 1940-களில் செங்கொடிக் கலைக்குழு அமைத்தார்கள். ஆலை வாசலில் பாடினார்கள், சால் முற்றத்தில் ஆடினார்கள். மும்பையோடு கூடிய மராட்டியம் கேட்டு எழுந்த போராட்டத்தில் மக்களை வீட்டை விட்டு வெளியே கொண்டு வந்ததில் அந்தப் பாட்டுகளுக்குப் பெரும் பங்குண்டு. அவர்கள் எந்த நட்சத்திரத்தையும் விலைக்கு வாங்கவில்லை. தொழிலாளியே ஷாயிர் ஆனான்.

ஒவ்வொரு ஏப்ரல் 14-லும் அம்பேத்கர் பிறந்த நாளுக்கு மும்பைக் குடியிருப்புகளில் ஒலிக்கும் பீம் பாட்டுகளைக் கேளுங்கள். நம்மைப்போல் உழைக்கிற மக்கள் தாங்களே கட்டித் தாங்களே பாடுகிற பாட்டுகள் அவை. வாமன்தாதா கர்டக் போன்றவர்கள் அப்படித்தான் ஊர் ஊராகப் போய் மக்களைப் பாட வைத்தார்கள். அதற்குக் கூட்டம் வரவில்லை என்று யாராவது சொல்லத் துணிவார்களா?

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

காரணம் உண்டு. தாராவி மறுசீரமைப்பு ஏலம் 2022-இல் அதானி குழுமத்துக்குப் போனது. 2000 ஜனவரி 1-க்கு முன் வந்த தரைத்தள வீட்டார்க்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு; பின்னால் வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே வீடு என்பது திட்டம். ஒரே சந்தில் வாழ்ந்த அண்ணன் இங்கே, தம்பி அங்கே. அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் எதிர்வீட்டார் முகம் தெரியாது. சந்து என்ற மேடை போய்விடும்.

சதுர அடியைப் பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் நாம் கூடிப் பாட, ஆட, பேச ஒரு திறந்த முற்றம் எங்கே என்று கேட்டோமா? கூடத் தெரிந்த மக்கள் எங்கே சிதறினாலும் மீண்டும் கூடுவார்கள். வேடிக்கை பார்க்க மட்டும் பழகிய மக்கள் சிதறினால் சிதறியதுதான். தாயின் தாலாட்டையும் பாட்டியின் ஒப்பாரியையும் ஒருமுறைகூடக் கேட்காத பிள்ளை, பள்ளியில் மராத்தியும் தெருவில் இந்தியும் பேசி, வீட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் தமிழை எத்தனை நாள் காப்பான்? கலைவிழா நம் வாழ்வோடு ஒட்டாத கேளிக்கையாக இருந்தால் இந்தக் கேள்விக்கு அது விடை சொல்லாது.

செய்ய வேண்டியது

ஏழு மாலை, ஏழு தெரு. ஒரு பெரிய பந்தலுக்குப் பதில் ஏழு சின்ன மேடை போடுங்கள்.

இரவு ஏழரைக்குப் பிள்ளைகள் தொடங்கட்டும். வேலை முடிந்து வருவோருக்காக வில்லும் பறையும் கூத்தும் எட்டரைக்குமேல் இருக்கட்டும். பத்துக்கு முடிப்போம், தளர்வு நாள் கேட்டு முன்கூட்டியே மனுக் கொடுப்போம்.

பொன்னாடை வேண்டாம். விருந்தினர் வந்து மக்களோடு தரையில் உட்காரட்டும். பேச வேண்டுமானால் ஐந்து நிமிடம்.

கலைஞர் எவராயினும் ஒரே பந்தி, ஒரே நாற்காலி, அன்றிரவே கூலி. "நம்ம ஆள்தானே" என்று சொல்லி இலவசமாக வாங்காதீர்கள்.

பெண்களுக்கு என்று ஒரு மாலை ஒதுக்குங்கள். அன்று சமையலை ஆண்கள் பார்க்கட்டும். கும்மியும் தாலாட்டும் தெரிந்த கிழவிகளின் குரலைச் செல்பேசியிலாவது பதிந்து வையுங்கள்.

மே முதல் நாள் மேடைக்கு மராத்தி ஷாயிர்களையும் உருதுப் பாடகர்களையும் அழையுங்கள். பக்கத்துச் சாலில் இருப்பவனும் நம்மைப்போல் கூலிக்காரன்தான்.

வரவு செலவைத் தெருமுனைப் பலகையில் எழுதிப் போடுங்கள். மறுசீரமைப்புப் பேச்சுவார்த்தை எதுவானாலும், "மக்கள் கூடும் திறந்த முற்றம் வேண்டும்" என்ற கோரிக்கை நம் மனுவில் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

தோழர்களே! இந்தக் கோடையில் ரசீதுப் புத்தகத்தோடு உங்கள் வாசலுக்கு வருபவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். பணம் தருவதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள். "மேடையில் நம் தெருக்காரர் எத்தனை பேர்? பறையடிப்பவர் எங்கே உட்காருவார்?" சரியான விடை வந்தால் இரட்டிப்பாகக் கொடுங்கள். வராவிட்டால், "அடுத்த வருடம் வாருங்கள்" என்று அன்போடு அனுப்பி வையுங்கள்.