சேர்ந்து நடக்கிறதுன்னா என்ன?

இப்பல்லாம் பொட்டி தட்டுற நம்ம கூட்டத்துல புதுசா ஒரு ஆசை கிளம்பியிருக்கு. வேலையை விட்டுட்டு, புருஷனும் பொண்டாட்டியுமா மூட்டையைக் கட்டிகிட்டு ஆறு மாசம் நடக்கணுமாம். அமெரிக்காவுல பசிபிக் க்ரெஸ்ட் ட்ரெயில்னு ஒரு பாதை இருக்கு. மெக்சிகோ எல்லையில ஆரம்பிச்சு கனடா எல்லை வரைக்கும் சுமார் 4,270 கிலோமீட்டர். அதை ஒரே தடவையில முழுசா நடந்து முடிச்சா அதுக்குப் பேர் த்ரூ ஹைக். ஜோடியா போயிட்டு வந்தவங்க எழுதுறதைப் படிச்சா பெரும்பாலும் ஒரே கதைதான். கூடாரம் யார் போடுறது, அடுப்பு யார் பத்த வைக்கிறது, யாரோட பை கனம், யார் முன்னாடி போய் யாருக்காக நிக்கிறது, குளிக்காம பத்து நாள் பக்கத்துல பக்கத்துல எப்படிப் படுக்கிறது... கடைசியில "எங்க உறவு பலமாச்சு"ன்னு ஒரு வரி. சுபம்.

தப்பே இல்லை. எனக்கும் தங்கமணிக்கும்கூட அந்த ஆசை உண்டு. ஆனா இதை ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச சமாச்சாரம் மாதிரி பேசும்போதுதான் லேசா கடுப்பாகுது. நம்ம ஊர்லயே ஒரு ஜோடி வாழ்க்கை பூரா நடந்திருக்கு. அவங்க நடந்த நடையோட ஒரு நுனி பழவேற்காடு ஏரிக்கரையில வந்து நிக்குது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன். அவர் ராமநாதபுரம் பக்கம் வசதியான குடும்பம். அவங்க நிலமில்லாத தலித் குடும்பம். நாடு விடுதலை ஆனப்புறம்தான் கல்யாணம்னு முடிவு பண்ணி, 1950-ல கல்யாணம் பண்ணிகிட்டாங்க. அடுத்த வருஷம், 1951 ஏப்ரல் 18-ல, தெலங்கானாவுல போச்சம்பள்ளிங்கிற கிராமத்துல வினோபா பாவேவுக்கு முதல் நிலதானம் கிடைச்சுது. பூதான இயக்கம் ஆரம்பம். ஜெகந்நாதன் வடக்கே போய் வினோபாகூட நடந்தார். கிருஷ்ணம்மாள் அப்போ சென்னையில ஆசிரியர் பயிற்சி முடிச்சுகிட்டு இருந்தாங்க. அவர் திரும்பி வந்தப்புறம் தமிழ்நாட்டு கிராமங்கள்ல ரெண்டு பேரும் நிலம் கேட்டு அலைஞ்சாங்க.

அந்தப் பாதயாத்திரையோட தினசரி வாழ்க்கை எப்படின்னு பாருங்க. விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே எழுந்து, லாந்தர் வெளிச்சத்துல நடை. வெயில் ஏறுறதுக்குள்ள அடுத்த ஊர். அங்க பிரார்த்தனை, கூட்டம், நிலம் வச்சிருக்கிறவங்ககிட்ட பேச்சு. ஊர்ல கொடுக்கிற சாப்பாடு, கொடுக்கிற இடத்துல படுக்கை. மறுநாள் அதே மாதிரி. இதுக்கு மலை உச்சியோ கனடா எல்லையோ கிடையாது. எந்த ஊர்ல எவ்வளவு நிலம் கிடைச்சுதுங்கிறதுதான் கணக்கு.

இதுல எனக்கு முக்கியமா படுறது ஒண்ணு. அவங்க எப்பவும் பக்கத்துல பக்கத்துல நடக்கலை. ஒருத்தர் வடக்கே, ஒருத்தர் தெற்கே. ஆனாலும் அதை ரெண்டு பேரோட நடைன்னுதான் சொல்லணும், ஏன்னா போற இடம் ஒண்ணு. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில 44 பேர் எரிச்சுக் கொல்லப்பட்டப்புறம் ரெண்டு பேரும் கீழத்தஞ்சைக்கு வந்து வேலை செஞ்சாங்க. 1981-ல லாஃப்டி அமைப்பு வந்துச்சு.

சரி, பழவேற்காடு எங்க வந்துச்சுன்னு கேக்குறீங்களா? வரேன்.

1990-கள்ல கிழக்குக் கடற்கரை நெடுக இறால் பண்ணைகள் பெருகுச்சு. உப்புத்தண்ணியை பம்ப் பண்ணி குளத்துல நிறுத்துவாங்க. அது பக்கத்து நெல் வயலுக்கும் குடிதண்ணிக் கிணத்துக்கும் இறங்கும். மிச்சத் தீவனமும் மருந்தும் கலந்த கழிவு திரும்ப கழிமுகத்துக்கே போகும். கிட்டத்தட்ட 80 வயசுல ஜெகந்நாதன் 1994-ல உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11-ல தீர்ப்பு. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள இறால் வளர்ப்புக் குளம் கூடாது. அதோட தனியா ஒரு கட்டளை: சிலிகா ஏரி, பழவேற்காடு ஏரி ரெண்டுக்கும் 1000 மீட்டருக்குள்ள கூடாது. பாரம்பரிய முறைகளுக்கு மட்டும் விலக்கு. இப்படி பேரு சொல்லிக் காப்பாத்தின ஏரி நம்ம பழவேற்காடு.

அப்புறம் நடந்தது வழக்கமான நம்ம நாட்டுக் கதை. 2005-ல நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டு வந்துச்சு. எந்தத் தீர்ப்பு என்ன சொல்லியிருந்தாலும், கடலோர மண்டலத் தடை இந்த வளர்ப்புக்குப் பொருந்தாதுன்னு 1991-ல இருந்தே முன்தேதியிட்டு மாத்திட்டாங்க. 2023-ல அதுக்கும் ஒரு திருத்தம், மீறினா ஜெயில்னு இருந்தது அபராதமா ஆச்சு. ஏற்றுமதி, அந்நியச் செலாவணின்னு காரணம் சொல்றாங்க. நம்ம கடல் உணவு ஏற்றுமதியில இறாலுக்குத்தான் பெரிய பங்கு, மறுக்கலை. பண்ணையில கூலி வாங்குறவங்களும் இருக்காங்க. ஆனா அந்த லாபத்துக்கான செலவை ஏரி ஏத்துக்குது, ஏரியை நம்பி இருக்கிறவங்க ஏத்துக்கிறாங்க. அந்தக் கணக்கை யார் எழுதுறது?

ஏரியை நம்பி இருக்கிறவங்கன்னா யாரு? சில குப்பங்கள்ல இன்னும் பாடு முறை இருக்கு. எந்த இடத்துல எந்த நாள் யார் வலை போடலாம்னு முறை வச்சுப் பிரிச்சுக்கிறது. இன்னொரு பக்கம் இருளர்கள். வலையே இல்லாம, தண்ணியில இறங்கி, சேத்துல கையால துழாவி இறால் பிடிக்கிறாங்க. மணிக்கணக்கா தண்ணிக்குள்ளயே நடை. அவங்களுக்கு ஏரியோட ஆழமும் உப்பும் தரையும் மாறினா சோறு மாறிடும்.

போன வருஷம் நானும் தங்கமணியும் லைட் ஹவுஸ் குப்பத்துல இருந்து தெற்கே, ஒரு பக்கம் கடல் ஒரு பக்கம் ஏரின்னு ஒரு நாள் நடந்தோம். முதுகுல பை, தலையில தொப்பி. வழியில மீன் ஏலம் எடுத்து அன்னக்கூடையில அடுக்கிகிட்டு இருந்த ஒரு அக்கா தங்கமணியைப் பார்த்து, "இன்னாம்மா, பஸ் கெடைக்கலியா?"ன்னு கேட்டாங்க. சும்மாதான் சேர்ந்து நடக்கிறோம்க்கான்னு சொன்னதும் சிரிச்சாங்க. "எங்க வூட்டுக்காரரு தண்ணியில, நானு ரோட்டுல. ராத்திரி சோறு துன்ன சொல்லோதான் ரெண்டு பேரும் ஒண்ணு."

இதைவிட சுருக்கமா யாரும் சொல்லிட முடியாது. அவர் பிடிச்சதை இவங்க வித்தாதான் வீட்டுல உலை. ஆளுக்கு ஒரு பக்கம் போனாலும் குடும்பம் ஒண்ணுதான். கூடாரத்தை யார் போடுறதுன்னு சண்டை போடுற ஜோடிக்கு இது தெரிஞ்சிருக்கணும்னு தோணுது.

என் கட்சி இதுதான். ஜோடியா நடக்கிறது உறவுக்கு வைக்கிற பரீட்சை மட்டும்னா, அது ஆறு மாசத்துல முடிஞ்சிடும். நடந்து எதைப் பார்த்தோம், யாருக்குச் சொன்னோம்னு இருந்தாதான் அதுக்கு ஆயுசு. 2013 பிப்ரவரியில 98 வயசுல ஜெகந்நாதன் இறந்துட்டார். அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 2008-ல, மாற்று நோபல்னு சொல்ற ரைட் லைவ்லிஹுட் விருது அவங்க ரெண்டு பேர் பேர்லயும்தான் வந்துச்சு. ஒரு ஆள் பேர்ல இல்லை. அதுதான் சரி.

1000 மீட்டர் எவ்வளவு தூரம்? சாதாரணமா நடந்தா கால் மணி நேரம்கூட ஆகாது. ஏரிக்கரையில இருந்து அந்தத் தூரத்துக்குள்ள இப்போ என்ன இருக்குன்னு நடந்து பார்க்கலாம். நம்ம எல்லார் போன்லயும் ஜிபிஎஸ் இருக்கு. எந்தக் குளம் எங்க இருக்கு, கழிவு எந்த ஓடையில விழுதுன்னு ஊர்க்காரங்களைக் கூட வச்சுக்கிட்டு குறிச்சு, அது பதிவு பண்ணின பண்ணையான்னு தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடலாம். லீவு, பை, ஷூ எல்லாம் ஏற்கனவே வச்சிருக்கோம். கனடா எல்லைக்குப் போறவங்க போகட்டும். சென்னையில இருந்து அறுபது கிலோமீட்டர் கிட்டத்துல இருக்கிற ஏரிக்கரையை ரெண்டு ரெண்டு பேரா நடக்க ஆள் வேணும்.