கஞ்சியிலிருந்து தொடங்குவோம்

தமிழாசிரியனுக்கு ஆங்கிலப் பாடத்தில் என்ன அலுவல் என்று பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். வினவட்டும். இரு பாடத்திற்கும் பிள்ளைகள் ஒரே நாவைத்தானே கொண்டுவருகின்றனர்!

நம் நாட்டில் 3ஆம் வகுப்பு முதல் ஆங்கிலம் முறையாகக் கற்பிக்கப்படுகின்றது. உணவுப் பெயர்களைப் பண்டிகையோடு இணைத்துக் கற்பித்தல் நன்றே. ஆயின் எவர் பண்டிகை? மருதமுனைச் சிறுவர் முன் சுட்ட வான்கோழியும் நத்தார்ப் புடிங்கும் தீட்டிய அட்டைகள் நீட்டப்படக் கண்டேன். ஒப்புவித்தனர், மறுவாரமே மறந்தனர். பிறர் பண்டிகையையும் அறிதல் வேண்டும், அது முதற்படியன்று.

நோன்பு மாதத்தில் பள்ளிவாசற் கஞ்சியை ஏந்திவரும் பிள்ளைக்கு அரிசி ‘றைஸ்’, உள்ளி ‘கார்லிக்’ எனக் கூறிப் பாருங்கள்; சொல் மணத்தோடு பதியும். நம் கஞ்சியே ‘கொஞ்ஜீ’ என ஆங்கில அகராதியில் வீற்றிருக்கின்றது. மிளகுதண்ணீர் ‘மல்லிகடோனி’ ஆயிற்று. ‘ஜிஞ்சர்’ என்பதன் வேரும் நம் இஞ்சியே என்பர் மொழிநூலார். இவற்றைக் கேட்ட பிள்ளைக்கு ஆங்கிலத்தின்பால் அச்சம் எங்ஙனம் எழும்?

பெருநாள் வட்டிலப்பத்தைப் ‘புடிங்’ என்று மாத்திரம் பெயர்த்துவிடாதீர்கள். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலம் என்பவற்றின் ஆங்கிலப் பெயர்களைக் கற்பியுங்கள். வட்டிலப்பம் வட்டிலப்பமாகவே நிற்கட்டும்.

தைப்பொங்கற் காலத்தில் அயலூராகிய பெரியநீலாவணைப் பிள்ளை தன் வீட்டுப் பொங்கலைப் பற்றிக் கூற, நம் பிள்ளை, “அதில் என்ன போடுவீர்கள்?” என்று ஆங்கிலத்தில் வினவலாம். பயறு என்று விடை வரும். பயற்றுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரென்று இருவரும் கேட்பர். ஆசிரியரும் அகராதியைப் புரட்டுவார்.